தெருவும் துப்பாக்கியும் – 17: சொல்லிவிட்டு வந்த போலீஸ்

போன வாரம் கிராக் கொக்கெய்ன் பாஸ்டனுக்குள் நுழைந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலஸையும் ஆட்டிவைத்த பிறகு, 1988 வாக்கில்தான் அது இங்கே வந்து சேர்ந்தது. பிந்தி வந்தாலும் வேலையைச் சீக்கிரம் காட்டிவிட்டது. 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 1987இல் கொலையுண்டவர்கள் 22 பேர். மூன்றே வருடத்தில் அது 73 ஆனது. 1990இல் நகரம் மொத்தத்தில் விழுந்த கொலைகள் 152. பாஸ்டனின் மக்கள்தொகை அப்போது ஆறு லட்சத்தைக்கூட எட்டவில்லை.

இந்தச் சாவுகள் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மாட்டப்பான் என்று கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த பகுதிகளில்தான் பெரும்பாலும் விழுந்தன. 1988 ஆகஸ்டில், ராக்ஸ்பரியின் ஹம்போல்ட் அவென்யூவில் தபால் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த 12 வயதுச் சிறுமி, யாரோ யாரையோ குறிவைத்துச் சுட்டதில் செத்துப்போனாள். சில கிலோமீட்டர் தள்ளி, ஆற்றின் அக்கரையில் ஹார்வர்டு பல்கலைக்கழகம்.

போலீஸ் என்ன செய்தது? கண்ணில் பட்டவனையெல்லாம் நிறுத்திச் சோதித்தது. கும்பலைச் சேர்ந்தவன் என்று தெரிந்தால் காரணமே வேண்டாம், பார்த்த இடத்தில் சோதனை என்று 1989இல் ஒரு நடைமுறை வந்தது. இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிபதி ஒருவர் சொன்ன பிறகும் தெருவில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்காரர், காரில் போகும்போது தன்னையும் கர்ப்பிணி மனைவியையும் கறுப்பு ஆள் ஒருவன் சுட்டுவிட்டான் என்று அவசர உதவிக்குப் போன் செய்தார். மனைவி இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. மிஷன் ஹில் பகுதியைப் போலீஸ் தலைகீழாகப் புரட்டியது. நட்டநடுத் தெருவில் இளைஞர்களின் கால்சட்டையை அவிழ்க்க வைத்துச் சோதித்தார்கள். கொலை செய்தது கணவனேதான் என்பது 1990 ஜனவரியில் வெளிப்பட்டது. பாலத்திலிருந்து குதித்து அவர் செத்துப்போனார். நகரத்தின் சார்பில் மேயர் மிஷெல் வூ மன்னிப்புக் கேட்டது 2023இல். அதற்குள் 34 வருடங்கள் ஓடிவிட்டன.

இதற்குப் பிறகு ராக்ஸ்பரியில் யார் வந்து போலீசிடம் சாட்சி சொல்வார்கள்? கொலையாளி யார் என்று தெருவுக்கே தெரியும். நீதிமன்றத்தில் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். சாட்சி இல்லாததால் வழக்கு நிற்காது. வழக்கு நிற்காததால் செத்தவனின் கூட்டாளிகள் தாங்களே கணக்குத் தீர்ப்பார்கள்.

மாற்றம் ஒரு துக்க வீட்டிலிருந்து தொடங்கியது. 1992 மே மாதம், மாட்டப்பானில் உள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஓர் இளைஞனின் இறுதி ஆராதனை. சவப்பெட்டி உள்ளே இருக்கிறது, பாட்டு நடக்கிறது. கும்பல் ஒன்று உள்ளே பாய்ந்து, துக்கத்துக்கு வந்திருந்த ஒரு பையனைத் துரத்திக் கத்தியால் குத்தியது. அதுவரை போதகர்கள் செய்துவந்தது அடக்க ஆராதனைகளை நடத்துவதும், ஞாயிறு பிரசங்கத்தில் வருந்துவதும். சண்டை பீடத்துக்கே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போதகர்களின் டென் பாயிண்ட் கூட்டணி பிறந்தது இப்படித்தான்.

அதன் முன்னணியில் நின்ற மூவரும் மூன்று ரகம். யூஜின் ரிவர்ஸ் பிலடெல்பியாவில் வளர்ந்தவர், சிறுவயதில் தானே கும்பலில் இருந்தவர், நாக்கில் நெருப்பு. டார்செஸ்டரில் கிராக் விற்பனை நடந்த தெருக்களுக்கு நடுவிலேயே குடும்பத்தோடு குடியிருந்தார். அவர் வீட்டையும் தோட்டாக்கள் துளைத்தன. ரே ஹாம்மண்ட் மருத்துவம் படித்து, அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, பிறகு போதகரானவர், நிதானி. ஜெஃப்ரி பிரவுன் கேம்பிரிட்ஜில் சபை நடத்தியவர். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பி அதிகாலை இரண்டு மணி வரை தெருத்தெருவாக நடப்பது என்று போதகர்கள் முடிவெடுத்தார்கள். ஆரம்பத்தில் பையன்கள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. மறுவாரமும் இவர்கள் வருகிறார்களா, இல்லை பத்திரிகைக்காரன் போனதும் இவர்களும் போய்விடுவார்களா என்று பார்த்தார்கள். இவர்கள் மறுவாரமும் வந்தார்கள்.

போலீசுக்குள்ளும் அதே ஆண்டு சின்னதாக ஒரு காரியம் நடந்தது. டார்செஸ்டர் நீதிமன்றத்தின் நன்னடத்தை அலுவலர்கள் சிலரும் கும்பல் தடுப்புப் பிரிவின் துப்பறிவாளர்கள் சிலரும் ஒரே காரில் ராத்திரியில் சுற்ற ஆரம்பித்தார்கள். இரவில் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு நீதிபதி விட்டுவைத்த பையன் உண்மையிலேயே வீட்டில் இருக்கிறானா? கதவைத் தட்டிப் பார்த்தார்கள். அதுவரை அந்த நிபந்தனையெல்லாம் காகிதத்தில் இருந்தது. அலுவலர்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். பல வீடுகளில் அம்மாக்கள் நன்றி சொன்னார்கள். மகனை உள்ளே வைத்திருக்க அவர்களுக்கும் ஒரு சாக்கு கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் டேவிட் கென்னடி வருகிறார். ஹார்வர்டின் கென்னடி நிர்வாகவியல் பள்ளியில் வேலை பார்த்தவர். அந்தக் கென்னடி குடும்பத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. குற்றவியலில் பட்டம் எதுவும் கிடையாது. அரசு நிர்வாகம் பற்றிப் பாடக் கட்டுரைகள் எழுதுவதுதான் தொழில். 1980களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸின் நிக்கர்சன் கார்டன்ஸ் குடியிருப்பில், பட்டப்பகலில் போலீசின் கண்ணெதிரே கிராக் விற்றதைப் பார்த்தவர். அந்தக் காட்சி அவரை விடவே இல்லை. 1995இல் அவரும் அந்தோணி பிராகாவும் ஆன் பீலும் மத்திய நீதித்துறையின் ஆய்வுப் பணத்தில் பாஸ்டனின் துப்பாக்கிச் சாவுகளைப் படிக்க இறங்கினார்கள்.

அவர்கள் முதலில் செய்தது எண்ணியதுதான். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுவது இந்த எண்ணும் வேலை. 1990 முதல் 1994 வரை துப்பாக்கியாலோ கத்தியாலோ கொல்லப்பட்ட, 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள 155 பேரின் பட்டியல் எடுக்கப்பட்டது. கும்பல் தடுப்புப் போலீசார், நன்னடத்தை அலுவலர்கள், மாநகராட்சி வைத்திருந்த தெருப் பணியாளர்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். இவன் ஏன் செத்தான்? யாரோடு சுற்றினான்? அதற்கு முன் செத்தவன் யார்? கோப்பில் காரணம் தெரியாது என்று எழுதியிருந்த கொலைகளுக்கெல்லாம் அந்த அறையில் பதில் இருந்தது. அதுவரை யாரும் அவர்களை உட்கார வைத்துக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வந்த விடை எல்லோரையும் உலுக்கியது. செத்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஏற்கெனவே ஏதாவது ஒரு வழக்கில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள். பிடிபட்ட கொலையாளிகளிலும் ஏறக்குறைய அதே பங்கு. சராசரியாகப் பார்த்தால் இரு தரப்புக்கும் ஒன்பதுக்கு மேல் வழக்குகள். கொன்றவனும் செத்தவனும் ஒரே கூட்டத்துப் பையன்கள். சாவுகளில் சுமார் 60 சதவீதம் கும்பல்களின் பகையால் வந்தவை. ஊரிலிருந்த கும்பல்கள் 61. ஆட்கள் ஏறக்குறைய 1,300 பேர், அதாவது நகர இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இவர்கள் தங்கள் இடம் என்று சொல்லிக்கொண்ட தெருக்களை வரைபடத்தில் குறித்தால், நகரப் பரப்பில் நான்கு சதவீதம்கூட வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. சந்தை யாருக்கு என்ற வியாபாரச் சண்டையில் செத்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. முறைத்துப் பார்த்தது, காதலி விவகாரம், போன வருடம் விழுந்த கொலைக்குப் பதில் கொலை இவையே காரணங்கள். துப்பாக்கியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது கிராக் பணம். ஒருமுறை வந்த துப்பாக்கி பிறகு பகைக்காகச் சுட்டது. எதிராளி வைத்திருக்கிறான் என்ற பயத்தில் மற்றவனும் வாங்கினான். பயமே பெரிய தரகனாக இருந்தது. போதைப்பொருளை ஒழித்தால்தான் கொலை ஓயும் என்று இருபது வருடமாக வாஷிங்டனில் பேசிவந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. மறுபக்கம் பார்த்தால் நல்ல செய்தியும்கூட. போதைச் சந்தையைத் தொடாமலேயே கொலையை நிறுத்த வழி உண்டு என்றல்லவா ஆகிறது!

வழி என்ன என்று ஹார்வர்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. பால் ஜாய்ஸ் என்ற துப்பறிவாளரும் அவருடைய சகாக்களும் டார்செஸ்டரின் வெண்டோவர் தெருவில் அதை ஏற்கெனவே செய்திருந்தார்கள். அங்கே சுடுவது நிற்கும் வரை தெருவைவிட்டு நகர மாட்டோம் என்று கும்பலிடம் நேரடியாகச் சொன்னார்கள். பொது இடத்தில் குடித்தால் வழக்கு, பதிவில்லாத கார் என்றால் பறிமுதல், பழைய வாரண்ட் இருந்தால் கைது. எதற்காக இந்தக் கெடுபிடி என்பதையும் ஒளிக்கவில்லை. துப்பாக்கிகள் வெளியே வந்தன. நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் யாரும் அதை ஒரு திட்டமாக எழுதிவைக்கவில்லை. கென்னடி குழு அதை எடுத்து வடிவம் கொடுத்தது. வைத்த பெயர் ‘ஆபரேஷன் சீஸ்ஃபயர்’.

1996 மே 15. டார்செஸ்டர் நீதிமன்றத்தின் ஓர் அறை. தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டிருந்த வாம்ப் ஹில் கிங்ஸ் கும்பலின் ஆட்களை வரவழைத்திருந்தார்கள். நன்னடத்தை நிபந்தனையில் இருந்தவர்கள் வந்தே ஆக வேண்டும். மற்றவர்களைத் தெருப் பணியாளர்கள் பேசிக் கூட்டிவந்தார்கள். எதிரே போலீஸ், நன்னடத்தை அலுவலர்கள், மத்திய அரசு வழக்கறிஞர்கள், போதகர்கள். சொல்லப்பட்டது சுருக்கமானது. நீங்கள் செய்வது எல்லாவற்றுக்கும் வழக்கமான போலீஸ் இருக்கிறது, அது அதன்பாட்டுக்கு நடக்கும். பிணம் விழுந்தால் மட்டும் கதை வேறு. ஒருவன் சுட்டாலும் கும்பல் மொத்தத்தையும், சட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பிடியையும் வைத்துப் பிடிப்போம். வெளியே வர விரும்புகிறவனுக்கு வேலை, படிப்பு, பாதுகாப்புக்கு இதோ இவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டங்களில் ஒரு சுவரொட்டி சுற்றிவந்தது. பலமுறை தண்டனை பெற்ற ஒரு கும்பல் ஆள், அவனிடம் போலீஸ் கண்டெடுத்தது ஒரே ஒரு தோட்டா. துப்பாக்கிகூட இல்லை. தொழில்முறைக் குற்றவாளிகளுக்கான மத்தியச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே 15 வருடம். இவனுக்குக் கிடைத்தது 19 வருடம் 7 மாதம், முன்விடுதலை கிடையாது. மாநிலச் சிறையென்றால் கூட்டாளிகளோடு சேர்ந்து ஜாலியாகக் கழித்துவிட்டு வரலாம் என்று நினைத்த பையன்கள் அந்தச் சுவரொட்டியை நெடுநேரம் பார்த்தார்கள்.

எச்சரிக்கையை மதிக்காதவர்களும் இருந்தார்கள். ராக்ஸ்பரியின் இண்டர்வேல் தெருக் கும்பல் ஊரிலேயே பேர்போனது. 1996 ஆகஸ்டில் ஒரே அடியில் இருபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பலர்மேல் மத்தியச் சட்டத்தின் கீழ் போதை வழக்கு. அதன்பிறகு நடந்ததுதான் புதுசு. தெருப் பணியாளர்களும் போலீசும் மற்றக் கும்பல்களிடம் போய், இது எதனால் நடந்தது என்று விளக்கினார்கள். சொன்னோம், கேட்கவில்லை, செய்தோம்.

1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 44 இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 1996இல் அது 26. 1997இல் 15. நகரின் மொத்தக் கொலைகள் 1999இல் 31 ஆகக் குறைந்தன. 1997இல் அதிபர் கிளிண்டன் வந்து பாராட்டிவிட்டுப் போனார். 1998இல் நியூஸ்வீக் அட்டையில் ரிவர்ஸ் இடம்பிடித்தார். ‘பாஸ்டன் அதிசயம்’ என்று பெயரும் வைத்தாயிற்று.

அதிசயம்தானா? பிராகாவும் கென்னடியும் சகாக்களோடு 2001இல் வெளியிட்ட ஆய்வு, இளைஞர் கொலைகள் மாதக் கணக்கில் 63 சதவீதம் குறைந்ததைத் திட்டத்தோடு இணைத்தது. அதே வருடங்களில் அமெரிக்கா முழுக்கவே கொலைகள் சரிந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரிச்சர்ட் ரோசன்ஃபெல்ட் குழு 2005இல் கணக்கைத் திரும்பப் போட்டபோது, பாஸ்டனின் தனிப் பங்கை உறுதியாகச் சொல்ல எண்கள் போதவில்லை என்றது. திட்டம் பலன் தந்தது என்றே நான் நினைக்கிறேன். எவ்வளவு என்பதில் சண்டை தொடரட்டும்.

என்னை உறுத்துவது வேறு. அந்த மத்திய அரசு வழக்குகளுக்குப் பல்லைக் கொடுத்தது 1986ஆம் ஆண்டுப் போதைச் சட்டம். விற்பதற்காகத் தூள் கொக்கெய்ன் 500 கிராம் வைத்திருந்தவனுக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, கிராக் 5 கிராம் வைத்திருந்தவனுக்கும் அதே ஐந்து வருடம். முதலாவதைப் பயன்படுத்தியவர்களில் வெள்ளையர் மிகுதி. இரண்டாவதில் உள்ளே போனவர்களில் கறுப்பர்களே மிகப் பெரும்பாலோர். ஒன்றுக்கு நூறு என்ற அந்தக் கணக்கு 2010 வரை நின்றது. பாஸ்டனில் மிரட்டல் எடுபட்டதற்கு அந்த அநியாயமும் ஒரு காரணம். திட்டத்தைப் புகழும் கட்டுரைகளில் இது அடிக்குறிப்பாகக்கூட வருவது அபூர்வம்.

2000 ஜனவரியோடு சீஸ்ஃபயர் நின்றுபோனது. யாரும் அதை ரத்து செய்யவில்லை. ஜாய்ஸ் வேறு பொறுப்புக்குப் போனார். போதகர்களுக்குள் புகழ் யாருக்கு என்ற சண்டை வந்தது. ஹார்வர்டுக்காரர்கள் அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்கள். இவர்களெல்லாம் கூடிய அந்த அறைக்கு ஒரு தனி அலுவலகமோ, பட்ஜெட் தலைப்போ, இது என் வேலை என்று எழுதப்பட்ட ஒரு பதவியோ கிடையாது. நாலைந்து பேரின் நட்பில் நின்ற காரியம் அந்த நட்போடு போயிற்று. கொலைகள் மறுபடி ஏறின. 2000களின் நடுவில் ஆண்டுக்கு எழுபதைத் தாண்டின. புதிய போலீஸ் கமிஷனர் எட் டேவிஸ் வந்து, 2007இல்தான் திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

இதற்கிடையில் கென்னடி போதைச் சந்தைப் பக்கம் திரும்பினார். இடம், வட கரோலினாவில் மரச்சாமான் வியாபாரத்துக்குப் பேர்போன ஹை பாயிண்ட். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குப் பக்கம். வெஸ்ட் எண்ட் என்ற பகுதியில் கிராக் வாங்க வெளியூரிலிருந்தெல்லாம் கார்கள் வரும். ரெய்டு நடக்கும், கைது நடக்கும், மறுநாள் அதே முனையில் வேறு பையன் நிற்பான். வருடக்கணக்காக இதுதான்.

போலீஸ் தலைவர் ஜேம்ஸ் ஃபீலி முதலில் நம்பவில்லை, பிறகு ஒப்புக்கொண்டார். விற்பவர்கள் யார் யார் என்று எண்ணியபோது வந்தது வெறும் 16 பேர். இத்தனை வருடக் கூத்தும் இந்தப் பதினாறு பேருக்காகவா! அடிதடிக்காரர்களான சிலரை உடனே உள்ளே தள்ளினார்கள். மற்றப் பன்னிரண்டு பேருக்கு எதிராகவும் ரகசியமாக வாங்கிய சரக்கு, வீடியோ, கையெழுத்துக்குக் காத்திருக்கும் வாரண்ட் எல்லாம் தயார். 2004 மே மாதம் ஒருநாள் அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அன்று கைதில்லை என்று வாக்குக் கொடுத்து. ஒன்பது பேர் வந்தார்கள், அம்மா, பாட்டிகளோடு. முதல் அறையில் தெருக்காரர்கள் பேசினார்கள்: நீ எங்கள் பிள்ளை, இது இனி இங்கே நடக்காது. அடுத்த அறையில் போலீஸ், அவரவர் குற்றத்தை அவரவர் கண்முன்னே வைத்தது. மறுபடி விற்றால் வாரண்டில் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி. சில வாரங்களில் வெஸ்ட் எண்டின் தெருச்சந்தை காணாமல் போனது. 2007இல் ஹார்வர்டின் ‘அரசு நிர்வாகப் புதுமை’ விருது கிடைத்தது.

வாரண்டைவிட முக்கியமானது அந்தக் கூட்டத்துக்கு முந்தைய மாதங்களில் நடந்தது என்று கென்னடி சொல்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. போலீஸ்காரர்களும் கறுப்பினக் குடும்பங்களும் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒருவரைப் பற்றி ஒருவர் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதை வாய்விட்டுப் பேசினார்கள். போலீசே திட்டம் போட்டுத்தான் கிராக்கை எங்கள் தெருவில் விட்டுவைத்திருக்கிறது என்று அங்கே பலர் நம்பினார்கள். பிள்ளைகள் கொண்டுவரும் காசைத் தின்றுகொண்டு ஊரே சும்மா இருக்கிறது என்று போலீஸ் நம்பியது. நாங்கள் செய்த ரெய்டுகள் உங்களுக்குக் கெடுதல் செய்தன, பலனும் தரவில்லை என்று போலீஸ் ஒப்புக்கொண்டது. இது தவறு என்று நாங்கள் எங்கள் பிள்ளைகளிடம் சத்தமாகச் சொல்லத் தவறிவிட்டோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

பிறகு பல ஊர்கள் இந்த முறையைப் படியெடுத்தன. வாரண்டைத் தயார் செய்வதும், வீடியோ காட்டுவதும், மேயரை அழைத்துப் படம் எடுப்பதும் எல்லா ஊரிலும் எளிதாக நடந்தது. அந்த முந்தைய மாதங்களை எடுத்துப்போக முடிந்தவர்கள் கொஞ்சம்தான். ஹை பாயிண்டுக்கு முன்பே, பாஸ்டன் புகழின் உச்சியில் இருந்த நாட்களில், கென்னடி பால்டிமோருக்கும் போயிருந்தார். அங்கே தேர்தல் ஒன்று குறுக்கே வந்தது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)